உள்ளே நுழைந்தால்தான் இணைப்பா?

கல்லூரி நூலகத்தில் பொதுப் பயனுக்கு வைத்திருக்கும் மடிக்கணிப்பொறியின் முன், புதிதாகச் சேர்ந்த மாணவி ஒருத்தி அமர்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். தன் பெயரையும் கடவுச்சொல்லையும் தருகிறாள். பெயரைச் சரிபார்க்கும் மையக் கணிப்பொறியை எட்ட முடியவில்லை என்று கூறிப் பொறி அவளை மறுத்துவிடுகிறது. நேற்றுவரை அதில் வேலை செய்த மாணவன் வந்து அமர்ந்தாலோ உடனே திறந்துகொள்கிறது. சற்று நேரத்தில் வைஃபை இணைப்பும் கிடைத்துவிடுகிறது. கருவி பழுதில்லை, அலைகளும் வலுவாகவே வருகின்றன. பின் ஏன் இந்தப் பாரபட்சம்?

கம்பி வழி இணைப்பில் இத்தொல்லை குறைவு. பெரும்பாலான இடங்களில் கம்பியைச் செருகியதுமே இணைப்பு உண்டாகிவிடும். வானொலி அலைகளோ சுவரைத் தாண்டித் தெருவரை செல்பவை. ஆகவே அவற்றுக்கு ஒரு சாவி வேண்டும். அந்தச் சாவி யாருடையது, பொறியினுடையதா, பொறியைப் பயன்படுத்துபவருடையதா என்பதில்தான் விடை அடங்கியுள்ளது.

வீடுகளில் அனைவருக்கும் ஒரே வைஃபை கடவுச்சொல். விண்டோஸ் பொதுவாக அதைப் பொறியின் சொத்தாகவே சேமித்து வைக்கிறது. எனவே யாரும் உள்நுழையுமுன்பே இணைப்பு வந்துவிடும். பெரிய நிறுவனங்களில் நிலைமை வேறு. அங்கே 2001-ல் வகுக்கப்பட்ட 802.1எக்ஸ் என்னும் முறைப்படி ஒவ்வொருவரும் தம் சொந்தப் பெயரையும் கடவுச்சொல்லையும் காட்டியே வைஃபையில் சேர்கின்றனர். உள்நுழைவுத் திரை காத்திருக்கும்போது அங்கே ஆள் யாரும் இல்லையே! யார் பெயரைக் காட்டுவது? உள்நுழைய இணைப்பு வேண்டும். இணைப்புக்கு உள்நுழைவு வேண்டும். பைத்தியம் தெளிந்தால் கல்யாணம், கல்யாணம் ஆனால்தான் பைத்தியம் தெளியும் என்ற கதைதான்.

பழைய மாணவன் தப்பித்தது எப்படி? கடைசியாக நுழைந்தவர்களைச் சரிபார்ப்பதற்கான குறிப்பை விண்டோஸ் தன்னிடமே வைத்துக்கொள்கிறது; மாற்றி அமைக்காதவரை 10 பேருக்கு. அவன் அந்தப் பட்டியலில் இருந்தான், அவ்வளவே.

லினக்ஸிலும் இதே சிக்கல் வேறு உருவில் தோன்றும். அங்கு இணைப்புகளைக் கவனிக்கும் நெட்வொர்க் மேனேஜர், வைஃபை கடவுச்சொல்லைப் பொதுக் கோப்பிலும் வைக்கலாம், பயனருடைய சாவிக்கொத்திலும் வைக்கலாம். சாவிக்கொத்தில் இருந்தால், பயனர் நுழைந்து அதைத் திறக்கும்வரை காத்திருக்க வேண்டியதுதான்.

இனி, கோளாறைக் கண்டறியும் முறை. பொறியை மீண்டும் இயக்கி, உள்நுழையாமல் இரண்டு நிமிடம் விட்டுவிடுங்கள். திரையின் மூலையிலுள்ள இணைப்புக் குறி உயிர் பெறுகிறதா என்று பாருங்கள். தாமதமாகவேனும் இணைப்பு வருமானால், சாவியில் குறையில்லை, அவசரம்தான் காரணம். பொறி துவங்கும்போது இணைப்புக்காகக் காத்திருக்கும்படி விண்டோஸில் ஒரு கொள்கை அமைப்பு உண்டு; அதை நிர்வாகி இயக்கிவிட்டாலே பெரும்பாலும் போதும். எவ்வளவு காத்திருந்தும் வராமல், நுழைந்தபின் மட்டுமே வந்தால், சாவி ஆளிடம் இருக்கிறது என்று கொள்ளலாம்.

லினக்ஸில் அந்த இணைப்பின் அமைப்பைத் திறந்து, எல்லாப் பயனர்க்கும் உரியது என்ற கட்டத்தில் குறியிட்டு, கடவுச்சொல்லையும் அனைவருக்குமாகச் சேமித்தால் தீர்ந்தது. விண்டோஸில், பயனர் மட்டும் என்றுள்ள சான்றுமுறையைப் பயனர் அல்லது கணிப்பொறி என்று மாற்ற வேண்டும். அப்போது பொறி முதலில் தன் சொந்தக் கணக்கையோ மின்சான்றிதழையோ காட்டி இணையும். ஆள் நுழைந்தபின் அவர் பெயரில் மறுபடி இணையும். மையக் கணிப்பொறியும் அந்தப் பொறியை அடையாளம் கண்டு ஏற்குமாறு அமைந்திருக்க வேண்டும். பலர் மறந்துபோவது இந்தப் பாதியைத்தான்.

ஆனால் இதற்கு ஒரு விலை உண்டு. லினக்ஸின் பொதுக் கோப்பில் கடவுச்சொல் வெறும் எழுத்தாகவே கிடக்கும். நிர்வாகியைத் தவிர மற்றவர் படிக்க முடியாதுதான். எனினும் வட்டு மறையாக்கம் செய்யப்படாதிருந்தால் பொறியைத் திருடியவன் படித்துவிடுவான். ஆகவே ஒருவர் மட்டுமே ஆளும் மடிக்கணிப்பொறியில் சாவி அவரிடமே இருப்பது நல்லது. பலர் கைமாறும் நூலகப் பொறிக்குப் பொறிச் சாவிதான் ஏற்றது. ஆள் நுழையும்வரை அது உள்நுழைவுக்கு வேண்டிய மையக் கணிப்பொறிகளை மட்டும் எட்டும்படி நிர்வாகி கட்டுப்படுத்தவும் முடியும். அந்த ஏற்பாடு முடியும்வரை, புதிய மாணவி முதல் முறை நுழையும்போது மட்டும் பொறியில் கம்பியைச் செருகிக் கொடுத்தால் போதும்.