நசுங்கிய காலும் நலிந்த சிறுநீரகமும்

1940-ஆம் ஆண்டின் இறுதியில் லண்டன் மாநகரின் மீது ஜெர்மானிய விமானங்கள் குண்டுமாரி பொழிந்தபோது, இடிந்த வீடுகளின் அடியில் மக்கள் பலர் மணிக்கணக்கில் சிக்கிக் கிடந்தனர். உயிருடன் மீட்கப்பட்டோருள் சிலரின் நிலை, கைகால்கள் நசுங்கியிருந்தும், முதலில் அச்சந்தருவதாய் இல்லை. பின்னர் நசுங்கிய உறுப்பு வீங்கிற்று. ரத்த அழுத்தம் தாழ்ந்தது. அதனைச் சீர்செய்தும் சிறுநீர் கறுத்துக் குறைந்தது. சில நாட்களில் மரணம் நேர்ந்தது. இத்தகைய நோயாளிகள் நால்வரைப் பற்றி பைவாட்டர்ஸ், பீல் என்னும் இருவர் 1941-இல் பிரிட்டிஷ் மருத்துவ சஞ்சிகையில் எழுதினர்.

காயம் காலில், கெட்டதோ சிறுநீரகம். இஃது எவ்வாறு?

சிறுநீரகங்கள் இரண்டும் சேர்ந்து ஏறத்தாழ 300 கிராம் எடையே உள்ளவை. எனினும், இதயம் செலுத்தும் ரத்தத்தில் சுமார் ஐந்தில் ஒரு பங்கு அவற்றிற்குச் செல்கிறது. அதில் பெரும்பகுதி வெளிப்புறத்திலேயே பாய்கிறது. உப்புக்களை மீட்டெடுக்கும் கடின வேலையைச் செய்யும் உட்பகுதிக்குப் பிராணவாயு எப்போதும் குறைவாகவே கிடைக்கிறது. ரத்த அளவு குறைந்தால், இதயத்தையும் மூளையையும் காக்கும் பொருட்டுச் சிறுநீரக ரத்தக் குழாய்கள் சுருங்குகின்றன. அப்போது உட்பகுதியின் நுண்குழல்கள் நலிவுறுகின்றன.

பாரம் அகன்றதும், நசுங்கிய தசைக்குள் ரத்தத்தின் நீர்ப்பகுதி பெருமளவில் கசிகிறது. தசையிலுள்ள மயோகுளோபின் என்னும் செந்நிறப் பொருள் ரத்தத்தில் கலந்து, நுண்குழல்களை அடைத்து, குழாய்ச் சுருக்கத்தையும் மிகுவிக்கிறது. உடன் வெளிப்படும் பொட்டாசியமோ இதயத்தையே நிறுத்திவிடக் கூடும்.

ஆக்ஸ்போர்டில் பணிபுரிந்த கத்தலோனிய வைத்தியர் டுருவெட்டா, முயல்களில் நடத்திய சோதனைகளை 1947-இல் வெளியிட்டார். காலில் நேரும் காயம் சிறுநீரக ரத்த ஓட்டத்தின் பாதையையே மாற்றக் கூடும் என்றார். மனிதரிடத்து அவர் கொள்கை முழுமையாக நிலைபெறவில்லை. எனினும் ஆராய்ச்சியாளர் கவனத்தை ரத்த ஓட்டத்தின்பால் அது திருப்பிற்று.

1999-இல் துருக்கியின் மர்மரா பகுதியில் நேர்ந்த பூகம்பத்துக்குப் பின், 477 பேருக்கு ரத்தத்தை இயந்திரத்தால் சுத்திகரிக்கும் சிகிச்சை தேவைப்பட்டது. இச்சிகிச்சை உயிரைத் தாங்கி நிற்கும் சில வாரங்களுக்குள், நலிந்த நுண்குழல்கள் பெரும்பாலும் தம்மைப் புதுப்பித்துக் கொள்கின்றன.

ஆயினும் வருமுன் காப்பதே சிறந்தது. இடிபாட்டை அகற்றுவதற்கு முன்பே, சிக்கியவரின் சிரையில் பொட்டாசியம் கலவாத உப்புநீரைச் செலுத்தத் தொடங்குதல் வேண்டும். கல்லைப் புரட்டும் கரத்திற்கு முன்னே உப்புநீர் சென்றடையுமாயின், காப்பாற்றப்படும் உயிர்கள் பல.