நிலவேம்புக்கு இரண்டு தேர்வுகள்

2012-இல் டெங்கு பரவியபோது தமிழ்நாடு அரசே நிலவேம்புக் குடிநீரை மக்களுக்கு வழங்கியது. வெட்டிவேர், சந்தனம், சுக்கு, மிளகு என ஒன்பது சரக்கு சேர்ந்த அந்தப் பொடி திருவரங்கத்து நாட்டு மருந்துக் கடைகளிலும் கிடைக்கும். காய்ச்சலுக்குக் குடிக்கும் இந்தப் பொடியின் முதன்மைச் சரக்கான நிலவேம்புச் செடி மலேரியாவுக்கும் ஆகுமா? ஆய்வகம் இதைப் படிப்படியாகத்தான் கேட்கும்.

முதலில், கையில் இருப்பது நிலவேம்புதானா என்று பார்க்க வேண்டும். பூவும் காயுமாகப் பறித்த செடியை அழுத்தி உலர்த்தி, தாளில் ஒட்டி, பறித்த இடத்தையும் நாளையும் குறித்து ஹெர்பேரியத்தில் வைப்பார்கள். திருச்சி செயின்ட் ஜோசப் கல்லூரியில் அருட்தந்தை கே.எம். மேத்யூ 1967-இல் தொடங்கிய ராபினட் ஹெர்பேரியம் அத்தகைய இடம். பின்னால் ஐயம் எழுந்தால் அந்தத் தாள்தான் சாட்சி.

அடுத்தது சாறு. வீட்டில் தண்ணீரில் கொதிக்கவைக்கிறோம். ஆய்வகத்தில் பெரும்பாலும் மெத்தனாலிலோ எத்தனாலிலோ ஊறவைக்கிறார்கள். நிலவேம்பின் கசப்புப் பொருளான ஆன்ட்ரோகிராஃபோலைடு தண்ணீரில் அவ்வளவாகக் கரையாது. எனவே மெத்தனால் சாற்றில் தெரிந்த பலனைக் கஷாயத்தின் கணக்கில் எழுத முடியாது.

சாறு தயாரானதும் இரண்டு தேர்வுகள். முதலாவதான ஆக்சிஜனேற்றத் தடுப்புச் சோதனை எளிது. டிபிபிஹெச் என்ற ரசாயனக் கரைசல் அடர் ஊதா நிறம். சாற்றைச் சேர்த்து அரை மணி நேரம் இருட்டில் வைத்தால், தடுப்பு ஆற்றலுக்கேற்ப ஊதா வெளுத்து மஞ்சளாகும். எவ்வளவு வெளுத்தது என்பதை 517 நானோமீட்டர் ஒளியில் அளந்து, வைட்டமின் சி-யோடு ஒப்பிடுவார்கள்.

இரண்டாவதான மலேரியாச் சோதனைக்கு உயிருள்ள ஒட்டுண்ணி வேண்டும். மலேரியா ஒட்டுண்ணியான பிளாஸ்மோடியம் ஃபால்சிபாரத்தை மனிதச் சிவப்பணுக்களில் தொடர்ந்து வளர்க்கும் முறையை ஆய்வாளர்கள் டிரேகரும் ஜென்சனும் 1976-இல் வெளியிட்டார்கள். 37 டிகிரி வெப்பத்தில், ஆக்சிஜனைக் குறைத்து வளர்த்து, சாற்றைப் பல அளவுகளில் விட்டு, எந்த அளவில் வளர்ச்சி பாதியாகிறது என்று பார்ப்பார்கள். பக்கத்திலேயே மலேரியா மருந்தான குளோரோகுயினுக்கும் அதே சோதனை. மனிதச் செல்களையும் அதே சாற்றில் வைத்துப் பார்ப்பது கட்டாயம். எல்லாவற்றையும் கொல்வது விஷம், மருந்தல்ல.

முதல் தேர்வில் தேறியது இரண்டாவதிலும் தேறும் என்பதில்லை. ஆர்ட்டெமிசினின் என்ற மலேரியா மருந்தைப் பார்த்தால் இது புரியும். சீன ஆய்வாளர் தூ யூயூ பழைய மருத்துவ நூலொன்றின் குறிப்பைப் பின்பற்றி, கொதிக்கவைப்பதை விட்டுக் குறைந்த சூட்டில் ஈதரால் சாறெடுத்தார். அந்த வழியில் கிடைத்த ஆர்ட்டெமிசினினுக்காக 2015-இல் நோபல் பரிசு பெற்றார். அந்த மருந்து சிவப்பணுவின் இரும்போடு வினைபுரிந்து, ஒட்டுண்ணியைச் சிதைக்கும் தீவிரத் துகள்களை உண்டாக்குகிறது. ஆக்சிஜனேற்றத் தடுப்பான் அடக்குவதும் அத்தகைய துகள்களைத்தான்!

குடுவையில் தேறிய சாறும் விலங்குச் சோதனை, மனிதர்களிடம் சோதனை என இன்னும் போக வேண்டும். அதுவரை, குளிர்காய்ச்சல் வந்தால் முதலில் ரத்தப் பரிசோதனை. மலேரியா என்றால் மருத்துவர் தரும் மாத்திரை. கஷாயத்தை நம்பி நாளைக் கடத்தக்கூடாது.