மலைச் சாலையும் மீன் வாழும் ஓடையும்

கலிபோர்னியா ராஜ்யத்தின் வட கோடியிலே, மலைகளினின்று இறங்கிப் பசிபிக் மகா சமுத்திரத்தில் கலக்கும் ரெட்வுட் கிரீக் என்னும் சிற்றாற்றின் கரையில், 1963-ஆம் வருஷத்தில், அதுகாறும் அளந்தறியப்பட்ட மரங்கள் அனைத்தையும் விஞ்சிய விருட்சமொன்று கண்டறியப்பட்டது. ஏறக்குறைய 112 மீட்டர் உயரமுள்ள அம்மரத்தையும் அதனைச் சூழ்ந்து நின்ற புராதன வனத்தையும் கோடரிக்கு இரையாகாமல் காக்க வேண்டும் என்று ஜனங்கள் விடுத்த கோரிக்கை வலுத்ததன் பயனாக, 1968-ல் அமெரிக்கக் காங்கிரஸ் ரெட்வுட் தேசியப் பூங்காவை நிறுவும் சட்டத்தை நிறைவேற்றியது. ஆற்றின் இரு மருங்கிலுமாகச் சுமார் அரை மைல் அகலமும் எட்டு மைல் நீளமும் கொண்ட ஒடுங்கிய நிலப்பட்டை ஒன்று அப்பூங்காவின் ஓர் அங்கமாயிற்று. அதன் உருவத்தைப் படத்தில் கண்டவர்கள் அதைப் 'புழு' என்றே அழைத்தார்கள்.

கரையோரத்து மரங்கள் இவ்விதம் சட்டத்தின் பாதுகாப்பைப் பெற்றுவிட்டனவாயினும், அந்த எல்லைக்கு மேலே ஓங்கி நின்ற மலைச்சரிவுகளில் மரம் வெட்டும் தொழில் முன்போலவே நடந்து கொண்டிருந்தது. வெட்டிய மரங்களை இறக்க லாரிச் சாலைகளும், அடிமரங்களை இழுத்து வரப் புல்டோசர்கள் கீறிய தடங்களும் சரிவெங்கும் பரவின. 1964-ன் இறுதியில் வந்த பெருவெள்ளத்தை அடுத்து 1972-லும் 1975-லும் பெருமழை பெய்தபோது, அச்சரிவுகளிலிருந்து கழன்று வந்த மண்ணும் சரளையும் ஆற்றின் படுகையை மேடாக்கின. மீன்கள் கோடையில் ஒதுங்கும் ஆழ்ந்த மடுக்கள் தூர்ந்துபோயின. மேடிட்ட படுகையில் அடங்காத வெள்ளம் பக்கவாட்டில் பாய்ந்து கரைகளை அரித்தது. கோடரி நெருங்க முடியாத மரங்களின் வேருக்கே அபாயம் வந்துவிட்டது.

மலைச்சரிவிலே போடப்படும் சாலைக்கும் கீழே ஓடும் ஓடைக்கும் உள்ள சம்பந்தத்தை உலகம் நன்கு உணர்ந்துகொள்ளக் காரணமாயிருந்த நிகழ்ச்சிகளில் இது தலையாயது. சாலை தன் மண்ணை ஓடையில் கொட்டுகிறது என்பது அதன் குற்றத்தில் ஒரு பாதியே. மழைநீர் இயல்பாகச் செல்லும் வழியை மறித்து, அதைத் தன் வழியில் திருப்பிக்கொண்டு போய்விடுவதே மூலகாரணம். ஆகவே பரிகாரமும் நீரின் வழியை நீருக்கே மீட்டளிப்பதில்தான் இருக்கிறது.

சாலை மழைநீரை என்ன செய்கிறது?

காடு அடர்ந்த மலைச்சரிவில் பெய்யும் மழையில் பெரும்பகுதி, இலைச் சருகுகளையும் வேர்ப்பின்னலையும் ஊடுருவி மண்ணுக்குள் இறங்கி, நிலத்தடியிலேயே மெல்ல நகர்ந்து, பல மணி நேரமோ பல நாட்களோ கழித்துத் தெளிந்த நீராக ஓடையை அடைகிறது. அச்சரிவை வெட்டிச் சாலை போடும்போது இக்கிரமம் மூன்று விதங்களில் குலைகிறது. வண்டிகள் ஓடி இறுகிய சாலைத் தரை நீரை உறிஞ்சாததால், விழுந்த மழை அப்படியே மேற்பரப்பில் ஓடுகிறது. சாலைக்காக மலையை வெட்டிய இடத்திலே, நிலத்தடியில் நகர்ந்து வந்த ஊற்றுநீர் வெளிப்பட்டுவிடுகிறது. இவ்விரு நீரையும் ஏந்திக்கொள்ளச் சாலையின் உட்புறத்தில் தோண்டிய வாய்க்கால், அதனைச் சேறும் மண்ணுமாகத் திரட்டி நேரே ஓடையில் கொண்டுபோய்ச் சேர்க்கிறது.

ஓரிகன் ராஜ்யத்து மலைக்காடுகளில், லுக்கவுட் கிரீக், புளூ ரிவர் ஆகிய நீர்ப்பிடிப்புகளின் சாலைகளைப் பரிசீலித்து 1996-ல் வெளியிடப்பட்ட ஆராய்ச்சியொன்று, அவற்றின் நீளத்தில் 57 சதவீதம் ஏதேனும் ஒரு நீர்வழியால் ஓடைகளோடு நேரடியாக இணைந்திருந்ததை எடுத்துக் காட்டியது. வேறு வார்த்தையில் சொன்னால், சாலையோரத்து வாய்க்கால்கள் ஓடைகளின் கிளைகளாகவே மாறிவிட்டன. கிளைகள் பெருகவே, மழை பெய்தவுடன் வெள்ளம் முன்னிலும் விரைவாக ஆற்றில் சேர்கிறது. வண்டலும் அதனோடு கூடச் சேர்கிறது.

வாஷிங்டன் ராஜ்யத்தின் கிளியர்வாட்டர் ஆற்றுப் பிரதேசத்தில் செய்து 1984-ல் வெளியான மற்றொரு ஆராய்ச்சி, மண் எங்கிருந்து வருகிறது என்பதை இன்னும் துல்லியமாகக் காட்டியது. பாரம் ஏற்றிய லாரிகள் இடைவிடாது ஓடும் சரளைச் சாலை, கைவிடப்பட்ட சாலையைக் காட்டிலும் 130 மடங்கு வண்டலைத் தருகிறது. தார் போட்ட சாலையோ, அப்படிப்பட்ட சரளைச் சாலை தருவதில் நூற்றில் ஒரு பங்குக்கும் குறைவாகவே தருகிறது. சக்கரங்கள் சரளையை நசுக்கிப் பொடியாக்குவதும், அடியிலுள்ள ஈர மண்ணை மேலே பிதுக்குவதும், மழை அவ்விரண்டையும் கழுவிச் செல்வதுமே இதற்குக் காரணம்.

அடைபட்ட குழாயின் கதை

நாள்தோறும் கரையும் மண்ணைவிட, ஒரே இரவில் நேரும் நாசம் பெரிது. மலைச் சாலை ஓர் ஓடையைக் கடக்க வேண்டிய இடங்களில், செலவு குறைவு என்பதற்காகப் பாலம் கட்டாமல், ஓடையின் குறுக்கே ஒரு தகரக் குழாயைப் பதித்து, அதன்மேல் மண்ணைக் கொட்டி மேடாக்கிச் சாலையை நடத்திச் செல்வது வழக்கம். புயல் மழையில் ஓடை பெருகும்போது, அடித்து வரும் கிளைகளும் சருகும் கற்களும் குழாயின் வாயில் சிக்குகின்றன. முதலில் ஒரு கிளை குறுக்கே நிற்கிறது. அதன்மேல் சருகு படிகிறது. சருகின்மேல் சரளை தங்குகிறது. சிறிது நேரத்தில் வாய் முழுவதும் அடைபட்டு, மேற்புறத்தில் நீர் குளமாகத் தேங்கி, சாலையின் மட்டத்திற்கு உயர்ந்துவிடுகிறது.

இனி நேர்வது சாலையின் அமைப்பைப் பொறுத்தது. குழாய்க்கு நேர்மேலேயே சாலை தாழ்ந்திருக்குமானால், நீர் அவ்விடத்திலேயே வழிந்து, கொட்டிய மண்ணை ஓரளவு அரித்துக்கொண்டு தன் பழைய ஓடையில் மறுபடியும் விழுந்துவிடும். சாலை ஒரு பக்கமாக இறக்கத்தில் சென்றால், ஓடை தன் படுகையைத் துறந்து சாலையின் வழியே ஓடத் தொடங்கி, எங்கோ ஒரு வளைவில் சாலையைவிட்டு இறங்கி, இதுவரை எந்த ஓடையும் பாய்ந்திராத சரிவிலே ஆழ்ந்த பள்ளத்தை அறுத்துவிடும். ரெட்வுட் கிரீக்கின் கீழ்ப் பிரதேசத்தில் மலைச்சரிவை அறுத்த பள்ளங்களில் பெரும்பாலானவை, இவ்வாறு சாலையினால் வழி மாறிய ஓடைகளின் வேலையே என்று பின்னால் செய்த ஆராய்ச்சிகள் தெளிவுபடுத்தின.

ஐடஹோ ராஜ்யத்தின் கருங்கல் மலைகளிலும் இதே அனுபவம் கிட்டியது. அங்கே தென்கிளை ஸாமன் ஆற்றின் நீர்ப்பிடிப்பில் 1964-65-ன் பெருமழைகளால் சாலைகள் சரிந்து, சால்மன் மீன்கள் முட்டையிடும் இடங்கள் மணலில் புதைந்தன. அதன் பின்னர் அப்பிரதேசத்தில் மரம் வெட்டுவதையே நிறுத்திவைக்க நேர்ந்தது. அவ்வகை மலைகளில் சாலைக்காக வெட்டப்பட்ட நிலம், தீண்டப்படாத நிலத்தைவிட 700 மடங்குக்கும் மேலாக மண்ணை இழக்கிறது என்று 1972-ல் வெளியான ஓர் ஆராய்ச்சி கணித்தது.

சரளைக்குள் ஓர் உயிர்

இவ்வளவு மண் ஓடையில் சேர்ந்தால் மீனுக்கு என்ன? சமுத்திரத்தில் வளர்ந்து, தான் பிறந்த ஆற்றுக்கே திரும்பி வரும் பெண் சால்மன், தெளிந்த நீர் சலசலத்து ஓடும் சரளைப் படுகையொன்றைத் தேர்ந்து, வாலை அடித்து அடித்துக் குழி பறித்து, அதில் முட்டையிட்டு, மீண்டும் சரளையால் மூடிவிடுகிறது. கற்களின் இடுக்குகளில் நீர் ஊடுருவி ஓடும் வரையில் முட்டைகளுக்குப் பிராணவாயு கிட்டுகிறது. அவற்றின் கழிவுகளும் அகன்றுபோகின்றன. மெல்லிய வண்டல் வந்து அந்த இடுக்குகளை அடைக்குமானால், நீரோட்டம் நின்று முட்டைகள் மூச்சடங்கி மடிகின்றன. எப்படியோ பிழைத்துப் பொரிந்த குஞ்சுகளும், தலைக்குமேல் படிந்த மணலைக் கிழித்து வெளிவர இயலாமல் அங்கேயே சிறைப்பட்டு அழிகின்றன. அவை உண்ண வேண்டிய பூச்சிப்புழுக்களின் வாசஸ்தலமும் அதே இடுக்குகள்தாம். ஆகையால் ஒரே சேறு முட்டையையும் குஞ்சையும் அதன் ஆகாரத்தையும் சேர்த்து அழிக்கிறது.

குழாய் வேறொரு விதத்திலும் மீனுக்குப் பகையாகும். அதன் கீழ்வாயில் விழும் நீர் நாளடைவில் படுகையை அரித்துவிட, குழாயின் வாய் அந்தரத்தில் தொங்கி நிற்கும். அந்த உயரத்தைத் தாண்ட முடியாத மீன்களுக்கு மேலேயுள்ள ஓடை முழுவதும் இல்லாததற்குச் சமானம்.

பரிகாரங்கள்

பரிகாரங்கள் கேட்பதற்கு எளியவை. செய்வதற்கு முறையும் பொறுமையும் தேவை. முதலாவது, சாலை நீரைத் திரட்டாதபடி செய்தல். சாலையின் தளத்தை மலைப்பக்கம் சாய்க்காமல், மண்ணின் உறுதியும் வண்டிகளின் பத்திரமும் இடம்கொடுக்கும் இடங்களிலெல்லாம், பள்ளத்தாக்கின் பக்கமாகச் சிறிது சாய்த்து அமைத்தால், விழுந்த மழை விழுந்த இடத்திலேயே மெல்லிய படலமாக வழிந்து காட்டுத்தரையில் இறங்கிவிடும். நீண்ட இறக்கங்களில் இடையிடையே வண்டி தடையின்றி ஏறி இறங்கும்படியான அகன்ற தாழ்வுகளை அமைத்தால், சக்கரத் தடங்களில் ஓடும் நீர் பலம் பெறுவதற்கு முன்பே வெளியேறும். உட்புற வாய்க்கால் தவிர்க்க முடியாததானால், அது ஓடையை அடைவதற்குக் கணிசமான தூரம் முன்னதாகவே குறுக்கு வடிகாலொன்றை இட்டு, அந்நீரைக் காட்டின் சருகுத் தரையில் விட்டுவிட வேண்டும். வண்டலை வடிகட்ட அத்தரையைப்போல் வேறு சாதனம் இல்லை.

இரண்டாவது, சாலை ஓடையைக் கடக்கும் கடவுகளைச் சீர்திருத்துதல். ஓடையின் இயல்பான அகலத்திற்குக் குறையாத பெருங்குழாயோ பாலமோ அமைத்து, படுகையின் சரளை உள்ளே தொடர்ந்து கிடக்கும்படி செய்தால் வெள்ளத்திற்கும் மீனுக்கும் வழி கிடைக்கும். குழாய் அடைபடும் நாளையும் எதிர்பார்த்து, அதன் அருகே சாலையில் ஒரு தாழ்வை வெட்டி, வழியும் நீர் தன் ஓடையிலேயே திரும்ப விழச் செய்ய வேண்டும். சொற்ப செலவில் முடியும் இக்காரியம், மலைச்சரிவையே அறுக்கும் பெருநாசத்தைத் தடுக்க வல்லது. மூன்றாவது, ஓடையை நெருங்கும் பகுதிகளிலாவது கெட்டியான கல் பரப்பித் தரையை உறுதிப்படுத்தலும், மழைக்காலத்தில் கனரக வண்டிகளைத் தடுத்தலும் ஆகும்.

மனிதர் நடக்கும் பாதைகளுக்கும் இவ்விதிகள் பொருந்தும். மலையின் இறக்கத்திற்கு நேராகக் கீழ்நோக்கிச் செல்லும் ஒற்றையடிப் பாதை, முதல் மழையிலேயே வாய்க்காலாகிவிடும். அதில் சேறு கண்டு ஒதுங்கி நடப்பவர்களால் அது மேலும் அகலும். பாதையின் சரிவு மலைச்சரிவில் பாதிக்கு மேற்படாமல், மலையைத் தழுவிக் குறுக்காகச் செல்ல வேண்டும் என்பது பாதை அமைப்போர் அனுபவத்தால் கண்ட விதி. ஓடையைக் காலால் கலக்கிக் கடப்பதைவிட, சிறு மரப்பாலம் ஒன்றை இட்டுவிடுவது மேல்.

போட்ட சாலையை அகற்றுதல்

தேவை தீர்ந்த சாலைக்கு மேற்சொன்ன சீர்திருத்தங்களும் போதா. அதை அகற்றிவிடுவதே சரியான வைத்தியம். 1978-ல் ஜனாதிபதி கார்ட்டர் கையொப்பமிட்ட சட்டத்தால் ரெட்வுட் பூங்காவுடன் 48,000 ஏக்கர் நிலம் சேர்ந்தது. அதில் பெரும்பகுதி ஏற்கெனவே வெட்டப்பட்ட காடு. 300 மைலுக்கும் மேற்பட்ட சாலைகளும் சுமார் 3,000 மைல் இழுவைத் தடங்களும் அதில் இருந்தன. அவற்றைச் சீர்செய்ய 33 மில்லியன் டாலர் செலவிட அச்சட்டமே அதிகாரம் அளித்தது.

ஆரம்பத்தில் சிறு தடுப்பணைகள் கட்டுவதும் நாற்று நடுவதுமாகிய கைவேலைகளிலே கவனம் சென்றது. அனுபவம் வளர வளர, ஓடைகளின் குறுக்கே கொட்டிய மண்ணை இயந்திரங்களால் வாரியெடுத்துப் பழைய படுகையை வெளிக்கொணர்வதும், சரிந்து விழக்கூடிய மண்ணை மலையின் வெட்டுமுகத்தில் சாத்திப் பழைய சரிவை மீட்பதுமே நிலையான பயன் தருவன என்பது தெரிந்தது. 1997-ன் தொடக்கத்தில் வந்த பெரும்புயல் இவ்வேலையைச் சோதித்துப் பார்த்தது. புயலுக்குப் பின் அளந்தபோது, சீர்செய்த சாலைப் பகுதிகளில் ஏறக்குறைய 80 சதவீதத்தில் மண்ணரிப்பே காணப்படவில்லை. கைவிட்டபடி கிடந்த சாலைகள் தந்த வண்டலில் நான்கில் ஒரு பங்கையே சீர்செய்த சாலைகள் தந்திருந்தன. செங்குத்தான கீழ்ச்சரிவுகளில் சீர்செய்த பின்னும் சில இடங்கள் சரியத்தான் செய்தன. ஆகவே வைத்தியத்தால் நோயின் வேகம் பெரிதும் தணிகிறதே ஒழிய, நோய் வராத நிலை திரும்பிவிடுவதில்லை.

சாலையே கூடாது என்று எவரும் சொல்லவில்லை. நோயாளிக்கும் வியாபாரிக்கும் தீயணைப்போருக்கும் அது வேண்டும். சாலை போடுவதற்கு ஒதுக்கும் பணத்தோடு, அதன் குழாய்களை ஆண்டுதோறும் மழைக்கு முன் துப்புரவு செய்யவும், உபயோகம் தீர்ந்தபின் அதைப் பிரித்தெடுக்கவும் வேண்டிய பணத்தையும் சேர்த்துக் கணக்கிடுவதே நேர்மையான திட்டமாகும். பொறியாளர் வரைபடத்தில் கோடிடும்போதே, இந்தக் குழாய் அடைபட்டால் நீர் எங்கே போகும் என்று ஒவ்வொரு கடவிலும் கேட்டு விடை எழுதட்டும். அவ்விடையில்லாத திட்டத்திற்கு அனுமதி மறுப்பது அரசாங்கத்தின் கடமை. மறுக்கும்படி வற்புறுத்துவது ஜனங்களின் கடமை.