நோட்டரி முத்திரை எதற்குச் செல்லும்?

நம் சங்கத்திற்கு வரும் அன்பர்களில் பலர், "நோட்டரி போட்டாயிற்று, இனிக் கவலையில்லை" என்று சொல்லக் கேட்டிருக்கிறேன். அந்த முத்திரை எதற்குச் செல்லும், எதற்குச் செல்லாது என்று தெரிந்துகொள்வது நமக்கு மிகவும் அவசியம்.

நோட்டரிகள் 1952ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி நியமிக்கப்படுகிறார்கள். பொதுவாக 10 ஆண்டுகளாவது வக்கீல் தொழில் செய்தவரை மத்திய அரசோ மாநில அரசோ நியமிக்கும். கையெழுத்திட்டவர் இன்னார்தான் என்று உறுதி செய்வது, பிரமாணப் பத்திரத்திற்குச் சத்தியம் வாங்குவது, நகலை அசலோடு ஒப்பிட்டுச் சான்று தருவது ஆகியவை அவருடைய வேலைகள். மொழிபெயர்ப்பைச் சரிபார்த்து உறுதி செய்யவும் அவருக்கு அதிகாரம் உண்டு.

ஆனால் நிலம் அவர் முத்திரையால் கைமாறாது. 100 ரூபாயோ அதற்கு மேலோ மதிப்புள்ள வீடு, மனையை விற்றால் கிரயப் பத்திரம் பதிவாக வேண்டும். பெங்களூரில் பவர் பத்திரத்தையும் ஒப்பந்தத்தையும் மட்டும் நம்பி மனை வாங்கியவர்கள் ஏராளம். அப்படி வாங்குவதால் சொத்துரிமை வந்துவிடாது என்று 2011 அக்டோபரில் சுப்ரீம் கோர்ட்டு தெளிவாகச் சொல்லிவிட்டது.

இலங்கையில் வழக்கம் வேறு. அங்கே காணி உறுதியை எழுதி அத்தாட்சிப்படுத்துபவரே நொத்தாரிசுதான். பெயர் ஒன்று என்பதால் அதிகாரமும் ஒன்று என்று எண்ணக்கூடாது.

ஊரில் சொத்துள்ள நாம் முக்கியமாகக் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. தர்மபுரியிலோ வேலூரிலோ உள்ள நிலத்தை விற்று, நமக்காகப் பத்திரம் பதிய தம்பிக்குப் பவர் கொடுப்போம். அதை இங்குள்ள நோட்டரியிடம் முடித்து அனுப்பினால் போதாது. 1908ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டத்தின் 33ஆம் பிரிவுப்படி, நாம் குடியிருக்கும் வட்டாரத்துச் சப்-ரிஜிஸ்திரார் முன்னிலையில் கையெழுத்திட்டு, அவர் அதை உறுதி செய்ய வேண்டும். நடமாட முடியாத பெரியவர்கள் என்றால், அவர் வீட்டுக்கே வந்து விசாரிக்கவும் சட்டத்தில் இடமுண்டு. வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகள் அந்நாட்டு நோட்டரி முன்போ இந்தியத் தூதரக அதிகாரி முன்போ எழுதிக் கொடுக்கலாம்.

நோட்டரியிடம் போகும்போது நேரில் போங்கள். அடையாளச் சான்றும் அசல் பத்திரமும் கையில் இருக்கட்டும். அவர் கண்ணெதிரே கையெழுத்திடுங்கள். அவருடைய பதிவேட்டிலும் அது ஏறட்டும். ஆளனுப்பி வாங்கிய முத்திரை நாளை கோர்ட்டில் கேள்விக்கு உள்ளாகும். கையெழுத்திட்டது யார் என்பதற்குத்தான் நோட்டரி சாட்சி. சொத்து யாருடையது என்பதற்கு அல்ல.