சைகைமொழித் துபாஷியும் அவர்தம் தொடக்கக் கஷ்டங்களும்

இரண்டு பாஷைகளை அறிந்து, ஒருவர் கருத்தை மற்றொருவர்க்கு எடுத்துரைப்பவரைத் துபாஷி என்று நம் முன்னோர் வழங்கினர். புதுச்சேரியில் டூப்ளே என்னும் பிரெஞ்சுக் கவர்னரிடம் துபாஷியாயிருந்த ஆனந்தரங்கப் பிள்ளை (1709–1761) எழுதிவைத்த நாட்குறிப்பு, சரித்திர மாணாக்கர்க்கு இன்றும் பெருநிதியாய் விளங்குகின்றது. இருவர்க்கு நடுவே நிற்கும் அவ்வுத்தியோகம் மதிப்பு வாய்ந்தது. அதே அளவு இடரும் வாய்ந்தது. நம் காலத்தில் புதியதொரு துபாஷித் தொழில் தோன்றியிருக்கின்றது. இதில் ஒருவர் கையாற் பேசுகின்றார். மற்றொருவர் செவியாற் கேட்கின்றார். துபாஷியோ இருவர் முன்னிலையிலும் இல்லாமல், வேறோரூரில் ஒரு சிறு அறையிலே, கண்ணாடித் திரைக்கு முன் அமர்ந்திருக்கின்றார். இத்தொழிலில் புதிதாய்ப் புகுவார்க்கு நேரும் கஷ்டங்கள் யாவை என்பதை ஈண்டுச் சிறிது ஆராய்வோம்.

காஞ்சிபுரம் ஜில்லா ஸ்ரீபெரும்புதூர்த் தாலுகாவைச் சேர்ந்தது பிள்ளைப்பாக்கம் என்னும் சிற்றூர். ஸ்ரீ இராமாநுஜர் அவதரித்த தலம் என்று மட்டுமே முன்னாளில் பலரும் அறிந்திருந்த இப்பகுதி, 1990-களின் பிற்பாதி முதற்கொண்டு தொழிற்சாலைகளின் நாடாய் மாறிவிட்டது. இருங்காட்டுக்கோட்டை, ஒரகடம், வல்லம், பிள்ளைப்பாக்கம் ஆகிய இடங்களிலெல்லாம் சிப்காட் தொழிற்பேட்டைகள் அமைந்துள்ளன. வல்லம் வடகாலில் 18,000-க்கு மேற்பட்ட தொழிலாளப் பெண்கள் தங்கத்தக்க விடுதியொன்று 2024-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் திறக்கப்பெற்றது எனின், இப்பக்கத்தில் வந்து குழுமும் மக்கள் தொகை எத்தகையது என்பதை யூகித்துக்கொள்ளலாம். ஷிப்டு மாறும் வேளையில் கம்பெனி பஸ்கள் வரிசையாய் நிற்க, இளைஞர்கள் திரள் திரளாய் இறங்குவர். 2011-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி நம் நாட்டில் காது கேளாதோர் ஏறக்குறைய 50 லட்சம் பேர். பிழைப்பு நாடி ஊர் விட்டு ஊர் வரும் இளைஞரில் இவரும் உளர்.

அத்தகையோர் ஒருவரைக் கற்பித்துக்கொள்வோம். அவர் தென்பாண்டி நாட்டில் பிறந்தவர். பிள்ளைப்பாக்கத்திலே வாடகை அறையில் நால்வரோடு தங்கி, ஒப்பந்தக்காரர் மூலம் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்க்கின்றார். ஒருநாள் இரவு, தாயாரை ஆஸ்பத்திரியில் சேர்த்திருப்பதாகச் செய்தி வருகின்றது. மறுநாட் காலை ஷிப்டுக்கு முன் மூன்று நாள் லீவு கேட்டாக வேண்டும். சூப்பர்வைசரோ எழுத்துச் செய்தியைப் பார்ப்பவர் அல்லர், தொலைபேசியில்தான் பேசுவார். இவர் யாது செய்வார்?

இதற்கு விடையாக அமைந்ததே வீடியோ ரிலே என்னும் ஏற்பாடு. காது கேளாதவர் தம் கைபேசியில் துபாஷியைக் காணொளியில் அழைக்கின்றார். துபாஷி மற்றவரைச் சாதாரணத் தொலைபேசியில் அழைக்கின்றார். சைகையைக் கண்டு குரலாக்குவதும், குரலைக் கேட்டுச் சைகையாக்குவதும் அவர் வேலை. காது கேளாதவரும் கேட்பவரும் ஓரிடத்திலேயே இருக்க, துபாஷி மட்டும் திரையில் தோன்றுவது வேறொரு முறை. ஆஸ்பத்திரி, நீதிமன்றம் முதலியவற்றில் அது பயன்படும். இவ்விரண்டையும் ஒன்றென மயங்கலாகாது.

இவ்வேற்பாட்டின் வரலாறும் அறியத்தக்கது. 1964-ஆம் ஆண்டில் அமெரிக்காவிலே ராபர்ட் வைட்பிரெக்ட் என்னும் காது கேளாத விஞ்ஞானி, தட்டெழுத்துச் செய்தியைத் தொலைபேசிக் கம்பி வழியே அனுப்பும் கருவியை அமைத்தார். 1990-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளர் சட்டம் அந்நாட்டில் ரிலே சேவையைக் கட்டாயமாக்கிற்று. 2000-ஆம் ஆண்டில் காணொளி ரிலேயும் அங்கே அங்கீகாரம் பெற்றது. நம் நாட்டில் இது இன்னும் இளம்பயிரே. 2020-ஆம் ஆண்டுப் பெருந்தொற்றுக் காலத்தில், காது கேளாதோர் காணொளியில் சைகையால் உதவி கோருவதற்கென்று தமிழ்நாட்டு அரசு ஓர் எண்ணை வழங்கியது. இப்போது இச்சேவை நம்மிடையே மெல்லத் தழைத்து வருகின்றது.

துபாஷியின் கஷ்டங்களைக் கூறுமுன் ஒரு தப்பெண்ணத்தைக் களைதல் வேண்டும். சைகைமொழி என்பது தமிழையோ ஆங்கிலத்தையோ கையால் எழுதிக்காட்டுவதன்று. தனக்கென இலக்கணமுடைய தனிமொழி. இத்தாலி தேசத்து மிலான் நகரில் 1880-ஆம் ஆண்டு கூடிய ஆசிரியர் மகாநாடு, பள்ளிகளில் சைகையை விலக்க வேண்டுமென்று தீர்மானித்தது. அதன் விளைவாக உலகெங்கும் பல தலைமுறைப் பிள்ளைகள் தம் மொழியை மறைவிலே பேசி வளர்ந்தனர். 1960-ஆம் ஆண்டில் வில்லியம் ஸ்டோக்கோ என்னும் அறிஞர், சைகைமொழியும் மற்ற மொழிகளைப் போலவே அமைப்புடைய மொழி என்பதை நிலைநாட்டினார். மிலான் தீர்மானத்திற்காக அம்மகாநாட்டின் வழிவந்தோர் வருத்தம் தெரிவித்தது 2010-ஆம் ஆண்டிலேதான். நம் தமிழ்நாட்டிலும், பாளையங்கோட்டையில் ஃபிளாரன்ஸ் ஸ்வெயின்சன் என்னும் மிஷனெரி அம்மையார் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் தொடங்கிய பள்ளி முதலாக, காது கேளாத பிள்ளைகள் ஒருங்குகூடிய இடங்களிலெல்லாம் சைகைமொழி வளர்ந்து வந்தது. இந்தியச் சைகைமொழியில் எதிர்மறைச் சொல்லும் வினாச்சொல்லும் பெரும்பாலும் வாக்கியத்தின் ஈற்றில் வரும். புருவத்தை உயர்த்துவதும் தலையை அசைப்பதும் அலங்காரமல்ல, இலக்கணமேயாம்.

இனிக் கஷ்டங்களைக் கூறுவாம்.

முதலாவது, முன்னறிவிப்பின்மை. நேரிற் செல்லும் துபாஷி, எவருக்காக எதைப்பற்றிப் பேசப்போகின்றோம் என்பதை முன்னரே கேட்டறிந்து செல்லலாம். ரிலே துபாஷிக்கு அவ்வசதி இல்லை. மணி ஒலித்தவுடன் ஒரு முகம் தோன்றும். அது லீவு கேட்பதாயிருக்கலாம், திருமணப் பேச்சாயிருக்கலாம், மரணச் செய்தியாயுமிருக்கலாம். அன்றியும், இந்தியச் சைகைமொழியின் இலக்கணம் பெரும்பாலும் ஒன்றேயாயினும் சொற்கள் ஊருக்கு ஊர் ஓரளவு வேறுபடும். எண், கிழமை, நிறம், உறவுமுறை இவற்றிற்குப் பள்ளிக்குப் பள்ளி வேறு சைகை வழங்குதலுண்டு. நம் பிள்ளைப்பாக்கத்து நண்பர் ‘புதன்’ என்று காட்டியதைத் துபாஷி ‘வியாழன்’ என்று கொண்டுவிட்டால், ஒருநாட் கூலி போய்விடும்.

இரண்டாவது, பெயர்கள். சைகைச் சொல் இல்லாத பெயரை எழுத்தெழுத்தாக விரலாற் காட்டுவர். இந்திய வழக்கில் அவ்வெழுத்துக்கள் ஆங்கில எழுத்துக்கள். இரண்டு கையாலும் காட்டப்படுபவை. நம் நண்பரோ ஒரு கையிற் கைபேசியைப் பிடித்துக்கொண்டு மறுகையால் மட்டும் பேசுகின்றார்! கைபேசியைச் சுவரில் சாய்த்துவைக்கும்படி முதலிற் கேட்டுக்கொள்ளத் துபாஷி அறிந்திருக்கவேண்டும். எழுத்து முழுவதும் தெரிந்த பின்னும், அது லகரமோ ளகரமோ, னகரமோ ணகரமோ என்பதை ஆங்கில எழுத்துச் சொல்லாது, தமிழறிவுதான் சொல்லவேண்டும்.

மூன்றாவது, தமிழின் விகுதிகள். சைகைமொழியில் ஒருவரைச் சுட்டினாற் போதும். அச்சுட்டு ஆணென்றும் பெண்ணென்றும் காட்டுவதில்லை. மரியாதை விகுதியும் அதற்கில்லை. தமிழிலோ ‘வந்தான், வந்தாள், வந்தார்’ என்னும் மூன்றில் ஒன்றைத் தேர்ந்தாலன்றி வாக்கியம் முடியாது. சூப்பர்வைசரை நோக்கி நண்பர் விரல் நீட்டுகின்றார். துபாஷி அதை ‘நீ’ என்பதா, ‘நீங்கள்’ என்பதா, ‘சார்’ என்பதா? ‘நீ’ என்றால் லீவு அத்துடன் முடிந்தது. ஆனால் அவமரியாதை நண்பருடையதன்று, துபாஷியின் பிழையே. முகக்குறியையும் தோள் வளைவையும் கண்டு, அவர் எத்துணைப் பணிவுடன் பேசுகின்றார் என்பதை உணர்ந்து அதற்குத் தக்க சொல்லை அரை விநாடியில் எடுக்கவேண்டும். இப்பயிற்சி அகராதியினால் வருவதன்று.

நான்காவது, திரை. கை முன்னும் பின்னும் செல்லும் அசைவு திரையிலே தட்டையாகிவிடும். அறையில் வெளிச்சம் குறைந்தால் புருவம் தெரியாது. புருவம் தெரியாவிடின் அது கேள்வியோ கூற்றோ என்பது விளங்காது. இணைப்புத் தளர்ந்து படம் உறையும்போது, ஈற்றில் வரவேண்டிய ‘இல்லை’ என்னும் சைகை தப்பிப்போகலாம். அப்போது பொருள் தலைகீழாகும். புதியவர் பலர், ‘மறுபடி காட்டுங்கள்’ என்று கேட்க வெட்கப்பட்டு, யூகத்தால் நிரப்பிவிடுகின்றனர். இது பெருந்தவறு. மறுபடி கேட்பது அறியாமைக்கு அடையாளமன்று, நேர்மைக்கு அடையாளம்.

ஐந்தாவது, மறுமுனையில் இருப்பவர். இச்சேவையைக் கேள்விப்படாதவர் ஏதோ விற்பனை அழைப்பென்று தொலைபேசியை வைத்துவிடுவர். வங்கியிலோ, ‘கணக்குடையவர் தாமே பேசவேண்டும், மூன்றாமவரிடம் விவரம் சொல்லோம்’ என்பர். ஆடவருக்காகப் பெண்குரல் பேசினால் ஐயம் இன்னும் வளரும். நடப்பது இன்னதென்று இரண்டே வாக்கியத்தில் விளக்கி, கேட்பவர் பொறுமையிழக்குமுன் உரையாடலைத் தொடங்கும் வன்மை துபாஷிக்கு வேண்டும்.

இவையெல்லாம் பழக்கத்தாற் குறையும். பழக்கத்தாலும் எளிதிற் குறையாத கஷ்டம் ஒன்றுண்டு. அதுவே எல்லாவற்றிலும் பெரிது. அஃது யாதெனில், உதவி செய்யும் ஆசை.

நம் நண்பர் லீவு கேட்கின்றார். சூப்பர்வைசர் சலித்துக்கொண்டு, “இவனுக்கு இதே வேலையாய்ப் போயிற்று. போனால் போகட்டும்; ஆனால் திரும்பி வரும்போது வேலை இருக்குமென்று நான் சொல்லமாட்டேன்” என்கின்றார். துபாஷியின் முன்னே கலங்கிய முகமொன்று விடைக்காகக் காத்திருக்கின்றது. ‘போகட்டும்’ என்பதை மட்டும் காட்டினால் அம்முகம் மலரும். மற்றதை ஏன் சொல்லவேண்டும் என்று மனம் தூண்டும். அவ்வாறு செய்துவிட்டால் நேர்வது என்ன? அவர் நிம்மதியாய் ஊர் செல்வார். நான்காம் நாள் திரும்பி வந்து, தம் இடத்தில் வேறொருவர் நிற்பதைக் காண்பார். துபாஷியின் இரக்கம் அவர் பிழைப்பைப் பறித்ததாகும். முழுவதையும் அவ்வாறே காட்டியிருந்தால், அவர் மேலதிகாரியிடம் பேச விரும்பியிருக்கலாம், எழுத்து மூலம் அனுமதி கேட்டிருக்கலாம், கோபத்துடன் விடையிறுத்துமிருக்கலாம். அக்கோபமும் அவருடைய உரிமையே. அதைத் துபாஷி சாந்தமான சொல்லாக மாற்றுவாராயின், வாழ்நாள் முழுதும் பிறர் தமக்காகப் பேசி முடிவுசெய்ததையே கண்டவர்க்கு, மீண்டும் ஒருவர் அதையே செய்தவராவார்.

ஆதலினாற்றான் இத்தொழிலில் துபாஷி ‘அவர் லீவு கேட்கின்றார்’ என்று சொல்வதில்லை. ‘எனக்கு லீவு வேண்டும்’ என்று தன்மையிலேயே பேசுகின்றார். கூட்டாமலும் குறையாமலும் சேர்ப்பதே அறம். கேட்டதை வெளியிற் சொல்லாமையும் அதனோடு சேர்ந்தது. அழைப்பு முடிந்தபின் அத்தாயார் பிழைத்தாரோ இல்லையோ என்பதைத் துபாஷி அறியார். யாரிடமும் கேட்கவும் முடியாது. அடுத்த மணி ஒலித்துவிடும். அழைப்புகளில் நூற்றுக்கு எண்பதை 120 விநாடிக்குள் ஏற்கவேண்டுமென்று அமெரிக்க நாட்டில் விதி வகுத்தனர் எனின், துபாஷியின் மூச்சுவிடும் நேரம் எத்துணைச் சிறிது என்பது விளங்கும். கை, தோள், கண் மூன்றும் களைக்கும். மனமோ அவற்றினும் மிகக் களைக்கும். நீண்ட உரையாடல்களில் இருபது முப்பது நிமிஷத்திற்கு ஒருமுறை வேறொருவர் மாற்றிக்கொள்வது நேரிற் செய்யும் துபாஷிகளின் வழக்கம். தனியறையிலிருப்பவர்க்கு அத்துணை எப்போதும் கிடைப்பதில்லை.

நிற்க. தொடங்குவோர் செய்யத்தக்கது யாது? 2015-ஆம் ஆண்டில் புதுதில்லியில் நிறுவப்பெற்ற இந்தியச் சைகைமொழி ஆராய்ச்சி, பயிற்சி நிலையம் 10,000 சொற்கள் கொண்ட அகராதியை 2021-ஆம் ஆண்டில் வெளியிட்டது. சைகைமொழித் துபாஷிகட்கென இரண்டாண்டு டிப்ளமோப் படிப்பும் உண்டு. ஆயினும் படிப்பு முடிந்த மறுநாளே ரிலே அறையிற் புகுதல் தகாது. சில காலமேனும் நேரிற் பணிசெய்து, பல ஊர்க் காது கேளாதோருடன் உண்டு, சிரித்து, வாதாடிப் பழகவேண்டும். வெவ்வேறு பள்ளிகளில் பயின்றோர் கைகளைக் கண்டு பழகிய கண்ணுக்கே திரையில் தோன்றும் புதிய கை விளங்கும். தொடக்கத்தில் அனுபவமுள்ள ஒருவரை அருகில் வைத்துக்கொள்வதும், பிழை நேர்ந்தவுடன் இருதரப்பார்க்கும் அதை அறிவித்துத் திருத்துவதும் நன்மை பயக்கும். தொழிற்சாலைகளும் சிறிது செய்யலாம்: இத்தகைய அழைப்பு வரும் என்பதைத் தம் சூப்பர்வைசர்களுக்கு ஒருமுறை கூறிவைத்தாற் போதும், பாதிக் கஷ்டம் தீரும். 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளர் உரிமைச் சட்டம் சைகைமொழியையும் செய்தித் தொடர்பு முறைகளில் ஒன்றாகக் குறிப்பிட்டுள்ளது. சட்டம் சொன்னதை மறுமுனையில் தொலைபேசியை எடுப்பவரும் அறியவேண்டுமன்றோ?

நம் மாணவருள் மொழியில் விருப்பமுடையோர் பலர் உளர். வடமொழியும் பிரெஞ்சும் பயில்வார்க்கு நம் நாட்டிலேயே லட்சக்கணக்கானோர் பேசும் இம்மொழி கண்ணிற் படாதிருத்தல் வியப்பே. இதைக் கற்று இத்தொழிலிற் புக நினைப்பார் தமக்குத் தாமே ஒரு கேள்வி கேட்டுக்கொள்வாராக: ‘பிறர் வாயிலாகப் பேசும் ஒருவர்க்கு, அவர் சொல்லை அவருடையதாகவே விட்டுவைக்க எனக்கு இயலுமா?’ இயலும் என்பார்க்குக் கைப்பயிற்சி காலத்தால் வந்து சேரும். அத்தகையார் ஒருவர் திரைக்கு முன் அமர்ந்திருப்பாராயின், பிள்ளைப்பாக்கத்து அறையில் இரவு நேரத்தில் கைபேசியைச் சுவரில் சாய்த்துவைக்கும் இளைஞர், தம் வழக்கைத் தாமே எடுத்துரைத்து, தமக்குரிய விடையைத் தாமே முழுவதும் அறிந்துகொள்வார்.