சீன வானூர்தி தாங்கிக் கப்பல் திட்டம்

சீன வானூர்தி தாங்கிக் கப்பல் திட்டம் என்பது மக்கள் சீனக் குடியரசின் கடற்படை தனக்கென வானூர்தி தாங்கிக் கப்பல்களையும், அவற்றிலிருந்து இயங்கும் போர் வானூர்திகளையும் உருவாக்க மேற்கொண்டு வரும் நீண்டகால முயற்சி ஆகும். இத்திட்டத்தின் கீழ் லியாவோனிங் (2012), சாண்டோங் (2019), பூஜியான் (2025) ஆகிய மூன்று கப்பல்கள் கடற்படையில் சேர்க்கப்பட்டுள்ளன. முதல் கப்பலின் பணிகள் பல ஆண்டுகள் நடந்த பின்னரே, 2011 ஆம் ஆண்டில், சீனப் படை அதிகாரிகள் அதனை வெளிப்படையாக ஒப்புக்கொண்டனர். அதுவரை வெளிநாட்டு ஆய்வாளர்களும் கப்பல், வானூர்தி ஆர்வலர்களும் ஒளிப்படங்களையும் செயற்கைக்கோள் படங்களையும் கொண்டு ஊகித்தே இத்திட்டத்தை அறிந்து வந்தனர். அவ்வூகங்களுள் சில பலித்தன, சில பொய்த்தன.

பின்னணி

வானூர்தி தாங்கிக் கப்பல் என்பது கடலில் நகரும் வானூர்தித் தளம் ஆகும். நிலத்திலுள்ள தளங்களிலிருந்து எட்ட முடியாத தொலைவிலும் ஒரு நாடு தன் வான்படை வலிமையைச் செலுத்த இது உதவுகிறது. சீனக் கடற்படை தொடக்கத்தில் கரையோரப் பாதுகாப்பை மட்டுமே நோக்கமாகக் கொண்டிருந்தது. 1982 முதல் 1988 வரை அதன் தளபதியாக இருந்த லியூ ஹுவாசிங், கடற்படை கரையை விட்டு விலகி ஆழ்கடலிலும் இயங்க வேண்டும் என்று வலியுறுத்தினார். நவீன சீனக் கடற்படையின் தந்தை எனக் கருதப்படும் இவர், வானூர்தி தாங்கிக் கப்பலின் தேவையைத் தொடர்ந்து எடுத்துரைத்தவர் ஆவார். லியாவோனிங் கடலில் இறங்குவதைக் காணாமலேயே 2011 ஜனவரியில் இவர் காலமானார்.

1995-96 ஆம் ஆண்டுகளில் தைவான் நீரிணையில் ஏற்பட்ட நெருக்கடியும் ஒரு முக்கிய காரணமாகக் கூறப்படுகிறது. அப்போது ஐக்கிய அமெரிக்கா இரண்டு வானூர்தி தாங்கிக் கப்பல் அணிகளை அப்பகுதிக்கு அனுப்பியது. அதற்கு ஈடுகொடுக்கக்கூடிய கப்பல் எதுவும் சீனாவிடம் இருக்கவில்லை.

வாங்கப்பட்ட பழைய கப்பல்கள்

சீனா முதலில் பிற நாடுகள் கைவிட்ட கப்பல்களை வாங்கியது. 1985 இல் ஆஸ்திரேலியாவின் மெல்பர்ன் என்ற கப்பல் பழைய இரும்புக்காக விற்கப்பட்டுச் சீனாவுக்கு இழுத்துச் செல்லப்பட்டது. அது உடனே உடைக்கப்படவில்லை; சீனப் பொறியாளர்கள் அதன் அமைப்பை ஆராய்ந்தனர். பின்னர் சோவியத் ஒன்றியத்தின் கீவ் வகையைச் சேர்ந்த மின்ஸ்க், கீவ் ஆகிய இரு கப்பல்களும் சீன நிறுவனங்களின் கைக்கு வந்தன. மின்ஸ்க் 2000 ஆம் ஆண்டில் ஷென்சென் நகரில் பொழுதுபோக்குப் பூங்காவாகத் திறக்கப்பட்டது. கீவ் தியான்ஜின் நகரில் அவ்வாறே சுற்றுலாத் தலமானது. இதே வகையைச் சேர்ந்த அட்மிரல் கோர்ஷ்கோவ் என்ற மற்றொரு கப்பல் இந்தியாவால் வாங்கப்பட்டு, பெருமளவு மாற்றியமைக்கப்பட்டு, 2013 நவம்பரில் விக்கிரமாதித்யா என்ற பெயரில் இந்தியக் கடற்படையில் சேர்ந்தது.

ஆகவே, ஒரே வகைக் கப்பல்கள் ஓரிடத்தில் பூங்காவாகவும் மற்றோரிடத்தில் போர்க்கப்பலாகவும் மாறின. அடுத்து வாங்கப்பட்ட வார்யாக் எதுவாக மாறும் என்பதை முன்கூட்டிக் கூறுவது கடினமாக இருந்தமைக்கு இதுவே காரணம்.

வார்யாக்

வார்யாக், சோவியத் ஒன்றியத்தின் குஸ்னெத்சோவ் வகையைச் சேர்ந்த இரண்டாவது கப்பல் ஆகும். இதன் கட்டுமானம் டிசம்பர் 6, 1985 இல் உக்ரைனின் மிக்கொலாயிவ் நகரில் ரீகா என்ற பெயரில் தொடங்கியது. 1988 இல் நீரில் இறக்கப்பட்ட இக்கப்பலுக்கு 1990 இல் வார்யாக் எனப் பெயர் மாற்றப்பட்டது. சோவியத் ஒன்றியம் கலைந்த பின், 1992 இல், ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு முடிந்திருந்த நிலையில் பணி நின்றது. கப்பல் உக்ரைனுக்குச் சொந்தமானது. அதை முடிப்பதற்கு அந்நாட்டிடம் பணம் இல்லை.

1998 இல் மக்காவைச் சேர்ந்த நிறுவனம் ஒன்று 20 மில்லியன் அமெரிக்க டாலருக்கு இக்கப்பலை வாங்கியது. மிதக்கும் விடுதியும் சூதாட்டக் கூடமும் அமைப்பதே நோக்கம் என்று அறிவிக்கப்பட்டது. எனினும் ஐயங்கள் எழுந்தன. மக்காவு துறைமுகம் இவ்வளவு பெரிய கப்பலுக்குப் போதிய ஆழம் உடையதன்று. அங்கே சூதாட்ட விடுதி நடத்த அந்நிறுவனத்துக்கு அனுமதியும் கிடைக்கவில்லை.

கப்பலை வாங்குவதில் முன்னின்ற ஹொங்கொங் வணிகர் சூ செங்பிங், 2015 இல் அளித்த நேர்காணலில், சூதாட்டக் கூடம் என்பது ஒரு போர்வையே என்று தெரிவித்தார். எந்திரங்கள் நீக்கப்பட்டுவிட்டதாக அதுவரை கூறப்பட்டதற்கு மாறாக, அவை மசகுப் பூச்சுடன் பாதுகாப்பாக உள்ளேயே இருந்தன என்றும் அவர் கூறினார்.

சீனாவுக்கான பயணம்

எந்திரம் இயங்காத நிலையில் இருந்த கப்பலை இழுவைப் படகுகளே இழுத்துச் செல்ல வேண்டியிருந்தது. கருங்கடலிலிருந்து வெளியேறும் ஒரே வழி பொஸ்போரஸ் நீரிணை ஆகும். கப்பல் கட்டுப்பாட்டை இழந்தால் இஸ்தான்புல் நகரின் நடுவே செல்லும் அந்நீரிணை அடைபட்டுவிடும் என அஞ்சிய துருக்கி, 2000 ஆம் ஆண்டில் அனுமதி மறுத்தது. கப்பல் ஓராண்டுக்கும் மேலாகக் கருங்கடலிலேயே சுற்றிவர நேர்ந்தது. சீன அரசு நடத்திய பேச்சுகளின் பின், நவம்பர் 1, 2001 இல் பல இழுவைப் படகுகளின் துணையுடன் அது பொஸ்போரஸைக் கடந்தது.

சில நாட்களில், ஏஜியன் கடலில் கிரேக்கத்தின் ஸ்கீரோஸ் தீவுக்கு அருகே, புயற்காற்றில் இழுவைக் கயிறுகள் அறுந்து கப்பல் தன்போக்கில் மிதக்கத் தொடங்கியது. அதை மீண்டும் கட்டும் முயற்சியில் இழுவைப் படகு மாலுமி ஒருவர் உயிரிழந்தார். எந்திரம் இயங்காத கப்பல்களைச் சூயெஸ் கால்வாய் ஏற்காததால், ஜிப்ரால்ட்டர், நன்னம்பிக்கை முனை, மலாக்கா நீரிணை வழியாக ஆப்பிரிக்காவைச் சுற்றிச் செல்ல வேண்டியிருந்தது. 2002 மார்ச் மாதத்தில் அது வடகிழக்குச் சீனாவின் தாலியன் துறைமுகத்தை அடைந்தது.

மறுசீரமைப்பு

மூன்று ஆண்டுகள் பெரிய மாற்றமின்றி நின்ற கப்பல், 2005 ஜூனில் உலர் துறைக்குக் கொண்டு செல்லப்பட்டது. அவ்வாண்டிலேயே அதன் துருப்பிடித்த உடற்பகுதி துப்புரவு செய்யப்பட்டு, சீனக் கடற்படைக் கப்பல்களுக்குரிய சாம்பல் நிறம் பூசப்பட்டது. துறைமுகத்துக்கு வெளியிலிருந்து எடுக்கப்பட்ட படங்களில் இது தெளிவாகத் தெரிந்தது.

2009 இல் வூகான் நகரில் ஒரு கட்டடத்தின் கூரை மேல் கற்காரையால் ஆன வானூர்தி தாங்கிக் கப்பலின் மாதிரி எழுவதை ஒளிப்படங்கள் காட்டின. மேற்தளம், கட்டுப்பாட்டுக் கோபுரம் ஆகியவை அதில் இருந்தன. ராடார் முதலிய மின்னணுக் கருவிகளை எவ்வாறு அமைப்பது என்பதைச் சோதிக்கவே இது கட்டப்பட்டது எனக் கருதப்படுகிறது.

2011 ஜூனில் சீனப் படைகளின் தலைமை அதிகாரி சென் பிங்தே, கப்பல் கட்டப்பட்டு வருவதை ஹொங்கொங் நாளிதழ் ஒன்றிடம் முதன்முறையாக உறுதி செய்தார். ஆகஸ்ட் 10, 2011 இல் கடற்சோதனை தொடங்கியது. செப்டம்பர் 25, 2012 இல் கப்பல் லியாவோனிங் என்ற பெயருடனும் 16 என்ற எண்ணுடனும் கடற்படையில் சேர்ந்தது. தொடக்கத்தில் ஆய்வுக்கும் பயிற்சிக்குமான கப்பல் என்றே அறிவிக்கப்பட்ட இது, 2016 நவம்பரில் போருக்கு ஆயத்தமான நிலையை அடைந்ததாகக் கூறப்பட்டது.

ஜே-15 வானூர்தி

லியாவோனிங் ஏறத்தாழ 300 மீட்டர் நீளமும், முழுச் சுமையுடன் சுமார் 60,000 டன் எடையும் கொண்டது. இதன் முகப்பு மேல்நோக்கி வளைந்திருக்கும். வானூர்தி தன் சொந்த எந்திர வலிமையால் ஓடி, அந்த வளைவின் உதவியால் மேலெழும். ஆகவே ஓரளவுக்கு மேல் எரிபொருளையும் ஆயுதங்களையும் சுமந்து எழ இயலாது. இறங்கும்போது வானூர்தியின் வாலிலுள்ள கொக்கி, தளத்தின் குறுக்கே கட்டப்பட்ட கம்பிவடங்களுள் ஒன்றைப் பற்றிக்கொள்ள வேண்டும். தவறினால் உடனே மீண்டும் மேலெழ வேண்டும். எனவே எந்திரத்தின் விசையைக் குறைக்காமலேயே வானோடி தளத்தைத் தொடுகிறார்.

இக்கப்பலுக்கென ஷென்யாங் நிறுவனம் ஜே-15 என்ற போர் வானூர்தியை உருவாக்கியது. ரஷ்யாவிடமிருந்து சு-33 வானூர்திகளை வாங்கும் பேச்சுகள் நிறைவேறவில்லை. ஆயினும் சு-33 இன் முன்மாதிரிகளுள் ஒன்று உக்ரைனில் இருந்து சீனாவுக்குக் கிடைத்தது. ஜே-15 இன் முதல் பறப்பு 2009 ஆகஸ்டில் நிகழ்ந்தது. 2012 நவம்பரில் வானோடி தாய் மிங்மெங் இதனை முதன்முறையாக லியாவோனிங்கின் தளத்தில் இறக்கினார். இத்திட்டத்துக்குப் பொறுப்பாளராக இருந்த லுவோ யாங், கடலில் நடந்த அச்சோதனைகளைப் பார்வையிட்டுத் திரும்பிய நவம்பர் 25 அன்றே மாரடைப்பால் உயிரிழந்தார்.

ஊகங்களும் உண்மைகளும்

சீனாவில் புதிய படைக்கருவிகள் பற்றிய அரசு அறிவிப்பு பெரும்பாலும் தாமதமாகவே வெளிவரும். கப்பல் கட்டும் தளங்களின் அருகிலும் வானூர்தித் தொழிற்சாலைகளின் மதிலுக்கு வெளியிலும் எடுக்கப்படும் படங்களே முதற்செய்தியாக அமைகின்றன. படைத்தளங்களைப் படம்பிடிப்பது அந்நாட்டில் தண்டனைக்குரிய குற்றமாக இருப்பதும், அதற்காகச் சிலர் சிறை சென்றிருப்பதும் குறிப்பிடத்தக்கது. ஆர்வலர்கள் இப்படங்களில் அளவு தெரிந்த பொருள்களுடன் ஒப்பிட்டு நீளத்தைக் கணிக்கின்றனர். நிறப்பூச்சு, உடலில் எழுதிய எண், எந்திர வாயின் வடிவம் ஆகியவற்றையும் கவனிக்கின்றனர்.

இவ்வாறு கண்ணால் காணக்கூடியவற்றைக் கொண்டு செய்த கணிப்புகள் பெரும்பாலும் சரியாகவே அமைந்தன. சாம்பல் நிறம் பூசப்பட்ட கப்பல் சூதாட்ட விடுதியாகாது என்ற கணிப்பு அவற்றுள் ஒன்று. 2010 டிசம்பரில் செங்டு நகர வானூர்தித் தளத்துக்கு வெளியே எடுக்கப்பட்ட ஜே-20 இன் படங்களைப் போலி என்று பலர் ஒதுக்கினர். ஆனால் ராடாருக்கு எளிதில் புலப்படாத அவ்வானூர்தி ஜனவரி 11, 2011 இல் பறந்தது. அன்று அமெரிக்கப் பாதுகாப்புச் செயலாளர் ராபர்ட் கேட்ஸ் பெய்ஜிங்கில் இருந்தார். 2020 வரை சீனாவிடம் இத்தகைய ஐந்தாம் தலைமுறை வானூர்தி எதுவும் இராது என்ற கணிப்பை 2009 இல் வெளியிட்டவர் அவரே. ஜே-20 2017 இல் படையில் சேர்ந்தது.

பெயர், காலம், நோக்கம் ஆகியவை குறித்த ஊகங்கள் அடிக்கடி பிழைத்தன. வார்யாக் கப்பலுக்கு ஷி லாங் என்ற பெயரும் 83 என்ற எண்ணும் இடப்படும் எனப் பல ஆண்டுகள் எழுதப்பட்டு வந்தது. ஷி லாங் 1683 இல் தைவானைக் கைப்பற்றிய சிங் பேரரசின் கடற்படைத் தளபதி ஆவார். தைவானை அச்சுறுத்துவதே கப்பலின் நோக்கம் என்ற எண்ணத்துக்கு இப்பெயர் பொருந்தியதால் எளிதில் நம்பப்பட்டது. இறுதியில் கப்பல் மறுசீரமைக்கப்பட்ட மாகாணத்தின் பெயரே அதற்கு இடப்பட்டது.

அரசு ஊடகம் காட்டுவதும் எப்போதும் உண்மையாவதில்லை. 2011 ஜனவரியில் சீன மத்தியத் தொலைக்காட்சி வான்படைப் பயிற்சி எனக் காட்டிய வெடிப்புக் காட்சி ஒன்று, 1986 இல் வெளிவந்த டாப் கன் என்னும் அமெரிக்கத் திரைப்படத்தில் உள்ளதை ஒத்திருப்பதைப் பார்வையாளர்கள் சுட்டிக்காட்டினர்.

டிசம்பர் 26, 2024 இல் செங்டு நகரின் மேல் வாலற்ற பெரிய வானூர்தி ஒன்று பறப்பதைப் பொதுமக்கள் படம்பிடித்தனர். அரசு பெயர் எதையும் அறிவிக்காத நிலையில் ஆர்வலர்கள் அதற்கு ஜே-36 எனப் பெயரிட்டனர். அதற்கு மூன்று எந்திரங்கள் உண்டு என்பது காற்று நுழையும் வாய்களைப் படத்தில் எண்ணி அறியப்பட்டது. அது சண்டை வானூர்தியா, குண்டுவீச்சு வானூர்தியா என்பதைப் பற்றியோ பல கருத்துகள் நிலவின. முன்னது படத்தில் உள்ளது. பின்னது படத்தைப் பார்ப்பவரின் ஊகம். இத்தகைய செய்திகளைப் படிப்போர் இவ்வேறுபாட்டை மனத்திற் கொள்வது பயனுடையது.

பின்னர் வந்த கப்பல்கள்

இரண்டாவது கப்பலான சாண்டோங் முழுவதும் சீனாவிலேயே கட்டப்பட்டது. லியாவோனிங்கை ஒத்த வடிவமைப்பைக் கொண்ட இது, 2017 ஏப்ரலில் நீரில் இறக்கப்பட்டு, டிசம்பர் 17, 2019 இல் ஹைனான் தீவின் சான்யா துறைமுகத்தில் கடற்படையில் சேர்ந்தது.

மூன்றாவது கப்பலான பூஜியான், ஷாங்காயின் ஜியாங்னான் தளத்தில் கட்டப்பட்டு ஜூன் 17, 2022 இல் நீரில் இறக்கப்பட்டது. 80,000 டன்னுக்கு மேற்பட்ட எடை கொண்ட இதற்கு வளைந்த முகப்பு இல்லை. மாறாக, வானூர்தியை இழுத்துக் குறுகிய தொலைவிலேயே வேகமூட்டி எறியும் மின்காந்தக் கவண்பொறிகள் உள்ளன. இதனால் கூடுதல் சுமையுடன் வானூர்திகள் எழ முடிகிறது; கேஜே-600 போன்ற, வானிலிருந்து ராடார் கண்காணிப்புச் செய்யும் கனமான வானூர்திகளையும் இயக்க முடிகிறது. கப்பல் 2025 நவம்பரில் கடற்படையில் சேர்ந்தது.

இந்தியப் பெருங்கடல்

2008 டிசம்பர் முதல் கடற்கொள்ளைத் தடுப்புக்காக ஏடன் வளைகுடாவுக்குச் சீனா கப்பல்களை அனுப்பி வருகிறது. 2014 இல் சீன நீர்மூழ்கிக் கப்பல் கொழும்புத் துறைமுகத்துக்கு வந்தது. 2017 இல் ஜிபூட்டியில் சீனாவின் முதலாவது வெளிநாட்டுப் படைத்தளம் திறக்கப்பட்டது. அதே ஆண்டில் இலங்கையின் அம்பாந்தோட்டைத் துறைமுகம் 99 ஆண்டுக் குத்தகைக்குச் சீன நிறுவனத்துக்கு வழங்கப்பட்டது. 2022 ஆகஸ்டில் யுவான் வாங் 5 என்ற சீனக் கண்காணிப்புக் கப்பல் அங்கு வந்தபோது இந்தியா கவலை தெரிவித்தது. இத்துறைமுகங்களை ஒரு முத்துச்சரமாகக் கோத்து இந்தியாவைச் சூழச் சீனா முயல்கிறது என்ற கருத்து 2005 முதல் பேசப்பட்டு வருகிறது. சீனா இதனை மறுத்து, தன் வணிகக் கடல்வழிகளைக் காப்பதே நோக்கம் என்கிறது. துறைமுகங்களும் கப்பல்களும் வருகைகளும் எவரும் சரிபார்க்கக்கூடிய செய்திகள் ஆகும். அவற்றைக் கோக்கும் நோக்கம் பற்றியதே இன்றளவும் தொடரும் விவாதம் ஆகும்.