ராணுவத்தையே கண்விழிக்க வைத்த வெள்ளி!

நம் ராணுவ வீரர்கள் அரை ஆண்டு காலம் கொட்டும் பனியில் கண்விழித்து நோட்டம் பார்த்த இரண்டு ‘சீன உளவு ட்ரோன்’கள் எவை தெரியுமா? ஒன்று வியாழன். இன்னொன்று வெள்ளி! ஆமாம், பள்ளிப் பாடப் புத்தகத்தில் சூரியனைச் சுற்றி வரைந்திருப்பார்களே, அதே வியாழன், அதே வெள்ளி!

இடம் லடாக், பாங்காங் ஏரிப் பக்கம். 2012 ஆகஸ்ட் முதல் 2013 பிப்ரவரி வரை அங்கே காவலில் இருந்தவர்கள் மர்ம வெளிச்சங்களைப் பார்த்ததாகப் பதிவு செய்தது மொத்தம் 329 முறை. அதில் 155 முறை அவை அசல் எல்லைக் கட்டுப்பாட்டுக் கோட்டைத் தாண்டி நம் பக்கம் ஊடுருவியதாகக் கணக்கு! அந்த டிசம்பரில் வியாழன் பூமிக்கு மிக அருகே வந்தபோதுகூட அதன் தூரம் சுமார் 60 கோடி கிலோமீட்டர். அவ்வளவு தொலைவில் இருந்துகொண்டு 155 முறை எல்லை மீறல்!

சிரிக்கத் தோன்றும். ஆனால் அந்த இடத்தில் நின்று பாருங்கள். ஏரியே கடல் மட்டத்திலிருந்து 4,200 மீட்டருக்கு மேலே இருக்கிறது. காற்று மெலிது, தூசி இல்லை, தெருவிளக்கு இல்லை. நம் ஊர்ப் புழுதியிலும் புகையிலும் வடிகட்டி வருகிற வெள்ளி அங்கே முழு வீச்சில் எரியும். எதிரே மலை முகடு, அதற்கு அப்பால் சீனா. முகட்டுக்கு மேலே திடீரென்று ஒரு வெளிச்சம் எழுந்தால் காவலில் இருப்பவர் அதைக் கோள் என்று எழுதிவிட்டுத் தூங்கப் போக முடியுமா? குறித்து வைத்ததுதான் சரி. அந்தக் குறிப்புகள் இருந்ததால்தான் புதிரும் அவிழ்ந்தது.

அவிழ்த்தவர்கள் யார் தெரியுமா? பெங்களூரின் இந்திய வான் இயற்பியல் மையத்து விஞ்ஞானிகள். நம்ம காவலூர், கொடைக்கானல் ஆய்வகங்களை நடத்துகிற அதே மையம்தான். அதன் பூர்வீகத்தைத் தோண்டினால் 1792-இல் நுங்கம்பாக்கத்தில் எழுந்த மதராஸ் வானாய்வகத்தில் போய் நிற்கும்! லடாக்கிலேயே ஹான்லே என்ற இடத்தில் 2 மீட்டர் தொலைநோக்கியும் அவர்களிடம் உண்டு.

அவர்கள் கேட்ட கேள்வி ஒன்றே ஒன்று: அந்த வெளிச்சம் விண்மீன்களோடு சேர்ந்து நகர்கிறதா, தன்னிஷ்டத்துக்குத் திரிகிறதா? விண்மீன்கள் ஒவ்வொரு நாளும் முந்தைய நாளைவிட 4 நிமிடம் முன்னதாக உதிக்கும். எந்த ட்ரோன் ஓட்டுநரும் இப்படிக் கணக்கு வைத்துக் கிளம்ப மாட்டார். பார்த்த நேரம், திசை, உயரம் மூன்றையும் வான வரைபடத்தோடு பொருத்தினால் ஒன்று மாலையில் கிழக்கே எழுந்து இரவெல்லாம் நின்ற வியாழன். மற்றது விடியுமுன் எழுந்து பொழுது புலர்ந்த பிறகும் மறையாமல் நின்ற வெள்ளி.

இதில் இன்னொரு வேடிக்கை. 2012 ஜூன் 6 காலையில் வெள்ளி சூரியனைக் குறுக்கே கடந்ததை நம்மில் பலர் கறுப்புக் கண்ணாடி போட்டுப் பார்த்தோமே! அந்தக் கரும்புள்ளிதான் சூரியனைத் தாண்டி அதிகாலை வானுக்குப் போனது, ஆகஸ்டில் லடாக்கில் ‘ட்ரோன்’ ஆனது. 2013 மார்ச் கடைசியில் சூரியனுக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டது. சந்தேகப் பட்டியலும் பிப்ரவரியோடு முடிகிறது. கச்சிதமாகப் பொருந்துகிறதா இல்லையா?

வெள்ளிக்கு ஏன் இத்தனை பளபளப்பு? அதைப் போர்த்தியிருக்கும் கந்தக அமில மேகங்கள் தம் மேல் படும் சூரிய ஒளியில் ஏறக்குறைய முக்கால் பங்கைத் திருப்பி அனுப்பிவிடுகின்றன. இரவு வானத்தின் மிகப் பிரகாசமான விண்மீனான சிரியஸைவிட வெள்ளி பதினைந்து, இருபது மடங்கு பிரகாசமாகத் தெரியும் நாட்கள் உண்டு. நல்ல இருட்டில் நம் நிழலைக்கூடத் தரையில் விழவைக்கும். சரியாக எங்கே பார்ப்பது என்று தெரிந்தால் பட்டப்பகலிலும் தெரியும்! 1797-இல் இத்தாலியை வென்று பாரிஸ் திரும்பிய நெப்போலியன், கூட்டம் தன்னைப் பார்க்காமல் வானத்தைப் பார்ப்பது கண்டு திகைத்தாராம். நடுப்பகலில் தெரிந்த வெள்ளியைத்தான் ஜனங்கள் அண்ணாந்து பார்த்திருக்கிறார்கள். பிரெஞ்சு வானியலாளர் அராகோ எழுதிவைத்த கதை இது.

அது போதாதென்று வெள்ளி கண்சிமிட்டுவதும் குறைவு. விண்மீன்கள் வெறும் புள்ளிகள், காற்று அசைந்தால் துடிக்கும். வெள்ளி சின்னத் தட்டு, அதனால் ஆடாமல் எரிகிறது. யாரோ மேற்கே ஒரு பல்பை மாட்டிவைத்த மாதிரி! போதாக்குறைக்கு சூரியனிலிருந்து 47 பாகைக்கு மேல் அது விலகுவதில்லை. ஆகவே அந்தி முடிந்து இரண்டு மூன்று மணி நேரத்துக்குள், அல்லது விடியுமுன், பெரும்பாலும் தொடுவானத்துக்குப் பக்கத்திலேதான் தரிசனம். மரத்துக்கும் மாடிக்கும் இடையில் தெரிகிற வெளிச்சத்தை யார்தான் பத்து கோடி கிலோமீட்டர் தள்ளி வைத்துப் பார்ப்பார்கள்?

சரி, வெளிச்சம் இருந்தது, ஒப்புக்கொள்கிறோம். ‘அது நகர்ந்ததே, சடாரென்று பக்கவாட்டில் போச்சே, நான் என் கண்ணால் பார்த்தேனே’ என்பவர்களுக்கு என்ன பதில்? அவர்கள் பொய் சொல்லவில்லை! இருட்டில் ஒற்றை ஒளிப்புள்ளியை உற்றுப் பார்த்துக்கொண்டே இருந்தால் அது நகர்வதாகவே மூளை சொல்லும். பக்கத்தில் ஒப்பிட மரமோ சுவரோ இல்லாததால், நகர்வது நம் கண்ணா பொருளா என்று மூளைக்குப் பிடிபடுவதில்லை. 1799-இல் டெனரீஃப் தீவின் மலை மேலிருந்து விண்மீன்கள் ஊசலாடுவதைப் பார்த்து மலைத்தவர் யார் தெரியுமா? மாபெரும் அறிவியலாளர் ஹம்போல்ட்!

இதைவிட ஆச்சரியம், 1935-இல் முசாஃபர் ஷெரிஃப் என்ற உளவியலாளர் வெளியிட்ட சோதனை. கும்மிருட்டு அறையில் அசையாத ஒரு ஒளிப்புள்ளியைக் காட்டி, எத்தனை அங்குலம் நகர்ந்தது என்று கேட்டார். தனியாக இருந்தபோது ஆளுக்கு ஆள் வேறு வேறு கணக்கு. சேர்த்து உட்காரவைத்தால் கொஞ்சம் கொஞ்சமாக எல்லோர் கணக்கும் ஒன்றாகிவிட்டது! நகராத புள்ளி நகர்ந்த தூரத்தில் அத்தனை பேருக்கும் ஒருமித்த கருத்து! ‘நாலு பேரும் சேர்ந்துதானே பார்த்தோம்’ என்ற சாட்சியத்தை இனிமேல் கொஞ்சம் நிதானமாகவே கேட்க வேண்டும் போலிருக்கிறது.

விமானிகள் ஏமாற மாட்டார்கள் என்று நினைத்தால் இதைப் படியுங்கள். 2011 ஜனவரி. டொரன்டோவிலிருந்து சூரிச் போகும் ஏர் கனடா போயிங் 767, அட்லான்டிக்குக்கு மேலே நள்ளிரவு. துணை விமானி அனுமதியோடு ஒரு குட்டித் தூக்கம் போடுகிறார். 40 நிமிடம்தான் அனுமதி; அவர் தூங்கியது 75 நிமிடம். விழிக்கிற நேரத்தில் எதிரே 1,000 அடி கீழே ஒரு அமெரிக்க ராணுவச் சரக்கு விமானம் வருவதாகத் தகவல். அரைத்தூக்கத்தில் கண்ணாடி வழியே பார்க்கிறார். நேர் எதிரே ஒரு பெரிய வெளிச்சம்! அதுதான் விமானம் என்கிறார். அது வெள்ளி! இல்லை, விமானம் கீழே வருகிறது என்று தலைமை விமானி மறுபடி சொல்கிறார். நிஜ விமானம் கண்ணில் படுகிறது. தூக்கம் தெளியாத மூளையோ அது மேலே மோத வருவதாக முடிவு கட்டிவிட்டது. கைப்பிடியை முன்னே தள்ளி மூக்கைக் கீழே குத்துகிறார். விமானம் 400 அடி சரிகிறது. தலைமை விமானி இழுத்துப் பிடிக்க, மறுபடி மேலே எகிறுகிறது. 46 நொடிக் கூத்து. பெல்ட் போடாதவர்கள் கூரையில் போய் இடித்துக்கொண்டார்கள். 14 பயணிகளுக்கும் 2 பணியாளர்களுக்கும் காயம். அந்தச் சரக்கு விமானம் தன் பாட்டுக்குக் கீழே கடந்து போயே போய்விட்டது!

வெள்ளி காரைத் துரத்தும் என்பது தெரியுமா? இரவில் வண்டியில் போகும்போது நிலா நம்மோடு கூடவே ஓடி வருமே, அதேதான். மரங்கள் பின்னால் போகும், மிகத் தொலைவில் உள்ளது மட்டும் இருந்த இடத்திலேயே தெரியும். நிலாவைத் தெரிந்ததால் பயமில்லை. வெள்ளியைத் தெரியாதவருக்கோ, வண்டியை நிறுத்தினால் அதுவும் நிற்கிறது, கிளம்பினால் கூடவே கிளம்புகிறது!

சிவப்பு, பச்சை, நீலம் என்று மாறி மாறி மின்னியதா? அப்படியானால் அது அநேகமாக விண்மீன். தொடுவானத்தை ஒட்டி வரும் ஒளியை அடர்ந்த காற்று நிறம் நிறமாகப் பிரித்துப் போடுகிறது. சிரியஸ் உதிக்கும்போது இந்த வித்தையைக் காட்டும். தமிழ்நாட்டில் தை, மாசி இரவுகளில் தெற்கே பாருங்கள்: அகத்தியர் விண்மீன் சென்னையில் 24 பாகைக்கு மேலே ஏறுவதே இல்லை. அந்தத் தாழ்வில் அது அடிக்கும் கண்சிமிட்டலைப் பார்த்தால் ஏதோ சிக்னல் கொடுப்பது போலவே இருக்கும்.

‘வீடியோவே எடுத்திருக்கேன், நடுவில் ஓட்டையோடு சுழலுது’ என்று போனை நீட்டுவார்கள். இருட்டில் போன் கேமராவை ஜூம் செய்தால் ஃபோகஸ் தவறும். புள்ளியாக இருக்க வேண்டிய வெள்ளி பெரிய வட்டமாக உப்பும், உள்ளே வளையம் வளையமாக அலை அடிக்கும். லென்ஸ் துளை பல கோணமாக இருந்தால் வானத்தில் இருப்பதும் அதே கோணத்தில் தெரியும்! 2022 மே மாதம் அமெரிக்க நாடாளுமன்ற விசாரணையிலேயே இது வந்தது. கடற்படைக் கப்பலிலிருந்து எடுத்த பச்சை முக்கோணங்கள்! அந்த முக்கோணம் இரவு நோக்கியும் கேமராவும் சேர்ந்து உண்டாக்கியது என்று அதிகாரியே விளக்கினார்.

2024 டிசம்பரில் நியூஜெர்சி பக்கம் ‘மர்ம ட்ரோன்’ பீதி கிளம்பியது நினைவிருக்கிறதா? எஃப்.பி.ஐ-க்கு 5,000-க்கும் மேல் புகார்கள் வந்தன. அவற்றில் மேற்கொண்டு விசாரிக்கத் தக்கவையாகத் தேறியது சுமார் 100. மேரிலாண்டின் முன்னாள் ஆளுநர் லாரி ஹோகன் தன் வீட்டுக்கு மேலே டஜன் கணக்கில் பெரிய ட்ரோன்கள் என்று வீடியோ போட்டார். அதில் பளிச்சென்று தெரிந்தது ஓரையன் கூட்டம்! நம் கணக்கில் மிருகசீரிடமும் திருவாதிரையும். மார்கழியில் ஆருத்ரா தரிசனத்துக்கு எழுந்திருக்கிற பாட்டியிடம் காட்டியிருந்தால் ஒரு நொடியில் சொல்லியிருப்பார்.

மனிதன் ஏவியவையும் சும்மா விடுவதில்லை. 2019 மே மாதம் ஏவிய முதல் 60 ஸ்டார்லிங்க் செயற்கைக்கோள்கள் ரயில் பெட்டி வரிசையாகப் போனபோது நெதர்லாந்தில் பறக்கும் தட்டுப் புகார்கள் குவிந்தன. 2009 டிசம்பரில் நார்வே வானத்தில் விரிந்த ராட்சதச் சுருள், பாதியில் பழுதான ரஷ்யாவின் புலவா ஏவுகணை. 2022 டிசம்பர் 15 மாலை கொல்கத்தாக்காரர்கள் வாய்பிளந்து பார்த்தது நம் அக்னி-5! அதே ஆண்டு ஏப்ரல் 2 இரவு மகாராஷ்டிர வானத்தில் நெருப்பு வரிசை போனதே, அது வெறும் காட்சியோடு முடியவில்லை. சந்திரபூர் மாவட்டத்துக் கிராமத்தில் பெரிய உலோக வளையம் ஒன்று வந்தே விழுந்தது. சீன ராக்கெட்டின் மிச்சம்.

எல்லாவற்றுக்கும் வெள்ளியையே பிடித்து உள்ளே போட்டுவிடலாமா? அங்கேதான் கதை திரும்புகிறது! 1948 ஜனவரி 7, அமெரிக்காவின் கென்டக்கி. கேப்டன் தாமஸ் மாண்டெல் வானத்தில் ஏதோ பெரிதாக மினுங்குவதைத் துரத்தி மஸ்டாங் விமானத்தில் 20,000 அடிக்கு மேலே ஏறினார். ஆக்சிஜன் இல்லை. மயங்கி, விமானம் விழுந்து இறந்தார். அவர் துரத்தியது வெள்ளி என்று விமானப்படை முதலில் சொன்னது. வெள்ளி அன்று அந்தப் பக்கம் இருந்தது நிஜம். ஆனால் பிற்பகல் வெயிலில் அது மங்கல் புள்ளி, அத்தனை பெரிதாகத் தெரிய வழியில்லை. நிஜக் குற்றவாளி பெரும்பாலும் ஸ்கைஹுக் என்ற ராட்சத பலூன் என்பது பிறகு தெரிந்தது. கடற்படையின் ரகசியத் திட்டம் என்பதால் அப்போது விமானப்படைக்காரர்களுக்கே அது தெரியாது!

ஜிம்மி கார்ட்டர் வழக்கு இதைவிடச் சுவை. பறக்கும் தட்டு பார்த்ததாக எழுதிக் கொடுத்த ஒரு மனிதர் பின்னால் அமெரிக்க அதிபரானார் தெரியுமா? ஜார்ஜியாவின் லியரி என்ற சிற்றூரில் லயன்ஸ் கிளப் கூட்டத்துக்குப் போன இடத்தில், அந்தி கழிந்த நேரம் மேற்கே நிலா அளவுக்குப் பிரகாசமான ஒன்று நெருங்கி வந்து விலகியதாகவும், நிறம் மாறியதாகவும் சொன்னார். கூட இருந்தவர்களும் பார்த்தார்களாம். ஆளுநரான பிறகு, 1973-இல், முறையாகப் படிவமும் பூர்த்தி செய்து கொடுத்தார். ராபர்ட் ஷீஃபர் என்ற ஆய்வாளர் கிளப் பதிவுகளைத் தேடி, அந்த நாள் 1969 ஜனவரி 6 என்று கண்டுபிடித்தார். அன்று மாலை மேற்கே வெள்ளி ஜொலித்துக்கொண்டிருந்தது. ஆக வெள்ளிதான் என்று பல ஆண்டுகள் தீர்ப்பு நின்றது. பிறகு அதே மாலை புளோரிடாவின் எக்லின் தளத்திலிருந்து ஒரு ராக்கெட் மேலே போய் பேரியம் ஆவியை வானத்தில் விட்டது என்ற தகவல் கிளம்பியது. சூரிய ஒளி பட்டால் வண்ண வண்ணமாக விரிந்து கலையும் மேகம் அது. நிறம் மாறியது, பெரிதானது, மங்கியது எல்லாம் அதற்குத்தான் பொருந்தும் என்கிறார்கள் ஒரு சாரார். வெள்ளிதான் என்பவர்களும் விடவில்லை. 1969-இல் நடந்த வழக்கில் வெள்ளிக்கு இன்னும் ஜாமீன்தான் கிடைத்திருக்கிறது, விடுதலை இல்லை!